விரல் அசைவும் விரல் தட்டலும்: மனவடு ஆற்றும் இரண்டு முறைகளின் கதை

கைப்பேசியைத் திறந்தால் யாராவது ஒருவர் தன் புருவத்தையும் கன்னத்து எலும்பையும் நெஞ்சையும் விரல்நுனியால் தட்டிக்கொண்டிருக்கிறார். பயம் போகும், பழைய துக்கம் போகும், சின்ன வயதில் வாங்கிய அடியின் வலிகூடப் போகும் என்கிறார். இன்னொரு காணொளியில் சிகிச்சையாளர் இரண்டு விரல்களை இடமும் வலமுமாக ஆட்ட, எதிரே அமர்ந்திருப்பவர் தலையைத் திருப்பாமல் கண்களால் மட்டும் பின்தொடர்கிறார். கொஞ்ச நேரத்தில் அழுகிறார். இதைப் பற்றி நண்பர்களிடம் பேசினால் இரண்டே பதில்தான் வருகிறது. "எனக்குச் சரியாச்சு, அதுக்கு மேல என்ன வேணும்?" என்பது ஒன்று. "சும்மா காசு பிடுங்குற வேலை" என்பது இன்னொன்று.

இரண்டு பதிலும் எனக்குப் போதவில்லை. இந்த முறைகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தபோது, நாம் ஒரே கேள்வி என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் இரண்டு கேள்விகள் என்று புரிந்தது. ஒருவருக்குக் குணமானதா என்பது ஒன்று. எதனால் குணமானது என்பது வேறொன்று. முதல் கேள்விக்கு நோயாளியே பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு நோயாளியும் சரி, சிகிச்சை கொடுத்தவரும் சரி, தனியாகப் பதில் சொல்லிவிட முடியாது.

இந்த வேறுபாட்டை முதன்முதலில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது 1784ஆம் ஆண்டு பாரிஸில். வியன்னாவிலிருந்து வந்த ஃபிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர் என்ற மருத்துவர், உடலுக்குள் ஒரு காந்தத் திரவம் ஓடுகிறது, அது தடைபடுவதே நோய் என்றார். ஒரு தொட்டியைச் சுற்றி நோயாளிகளை உட்கார வைத்து, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிகளை நோயுள்ள இடத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். சிலர் வலிப்பு வந்தது போலத் துடித்தார்கள், பிறகு நன்றாகிவிட்டது என்றார்கள். பதினாறாம் லூயி மன்னர் விசாரணைக் குழு அமைத்தார். அதில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இருந்தார், வேதியியல் அறிஞர் லவாசியே இருந்தார், கில்லட்டினுக்குத் தன் பெயரைத் தந்த மருத்துவர் கியோத்தனும் இருந்தார்.

அவர்கள் செய்த சோதனை எளிமையானது. ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் மெஸ்மரின் சீடர் 'காந்தம் ஏற்றினார்'. பிறகு கண்ணைக் கட்டிய ஒரு சிறுவனை மரம் மரமாக அழைத்துப்போனார்கள். அவன் மயங்கி விழுந்தான். ஆனால் அது வேறு மரம். காந்தம் ஏற்றிய மரம் தள்ளி நின்றது. திரவம் என்று ஒன்று இல்லை, வேலை செய்தது கற்பனையின் பலம்தான் என்று குழு எழுதியது. சிறுவன் மயங்கவே இல்லை என்று அவர்கள் எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மயக்கம் உண்மை. அதற்குச் சொன்ன காரணம்தான் பொய்.

அடுத்த நூறாண்டுகள் தாண்டி முதல் உலகப் போருக்கு வருவோம். பதுங்குகுழியிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் பலரிடம் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கை நடுங்கியது, பேச்சு நின்றுபோனது, ராத்திரி தூக்கத்தில் கத்தினார்கள். சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையின் வழியாக 'ஷெல் ஷாக்' என்ற சொல் மருத்துவத்துக்குள் வந்தது. அதற்கு இரண்டு விதமான சிகிச்சைகள் கிடைத்தன. லண்டனில் லூயிஸ் யெலண்ட் என்ற மருத்துவர், பேச்சிழந்த சிப்பாயின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சி, பேசினால்தான் அறையை விட்டுப் போகலாம் என்றார். சிப்பாய் பேசினான். அதுவும் 'குணம்' என்றே பதிவானது.

இன்னொரு வழியைக் காட்டியவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். இவருக்கு நம் பக்கத்தோடு ஒரு தொடர்பு உண்டு. 1901 - 02இல் நீலகிரி மலைக்கு வந்து தோடர்களுடன் மாதக்கணக்கில் பழகி, அவர்களின் உறவுமுறைகளையும் சடங்குகளையும் எழுதி 1906இல் பெரிய நூலாக வெளியிட்டவர் இவர். மொழி தெரியாத ஊரில் மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டுக் கேட்டு எழுதிய மனிதர், பதினைந்து ஆண்டுகள் கழித்து எடின்பரோ அருகே கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் போர் அதிகாரிகள் எதிரே உட்கார்ந்தார். கவிஞர் சிக்ஃபிரீட் சசூன் அவருடைய நோயாளி. "மறந்துடு, வேற ஏதாவது நினை" என்பதுதான் அன்றைய பொது அறிவுரை. ரிவர்ஸ் அதற்கு எதிராகப் பேசினார். நினைவை அமுக்கி வைப்பதால்தான் அது ராத்திரியில் எழுந்து வருகிறது. அதிலேயே மூழ்கவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம். தாங்கக்கூடிய அளவில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, அதைப் பார்க்கப் பழக வேண்டும் என்பது அவர் வாதம். 1918இல் லான்செட்டில் அது கட்டுரையாக வந்தது. இன்றைய மனவடு சிகிச்சைகளின் எலும்புக்கூடு முழுவதும் அதில் இருக்கிறது என்பது என் கணிப்பு. அதில் விரலும் இல்லை, தட்டலும் இல்லை.

ஆனால் போர் முடிந்ததும் இதை எல்லோரும் மறந்தார்கள். காயத்துக்கு நிலையான பெயர் கிடைக்க 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களும் அவர்கள் பக்கம் நின்ற மனநல மருத்துவர்களும் பல ஆண்டுகள் போராடினார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடமும் இதே அறிகுறிகளை ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த ஆண்டுதான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் ஏறியது. பெயர் இருந்தால் மருத்துவமனை கிடைக்கும், ஓய்வூதியம் கிடைக்கும், ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்கும். இதை வாசிக்கும்போது எனக்கு சயாம் மரண ரயில் பாதை நினைவுக்கு வராமல் இல்லை. அதே பாதையில் வேலை வாங்கப்பட்ட மேற்கத்தியப் போர்க்கைதிகளிடம் பல பத்தாண்டுகள் கழித்தும் இந்த அறிகுறிகள் இருந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் உயிரோடு திரும்பியவர்கள் மறுபடியும் பால்மரம் சீவப் போனார்கள்.

பெயர் வந்துவிட்டது, உறுதியான சிகிச்சைதான் குறைவு. இந்த இடைவெளியில்தான் ஃபிரான்சின் ஷபீரோ வருகிறார். இவர் முதலில் இலக்கிய மாணவி. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹார்டியின் கவிதைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். 1979இல் புற்றுநோய் என்று தெரிந்ததும் படிப்பின் திசை மாறியது. மனசுக்கும் உடம்புக்கும் என்ன உறவு என்று தேடி கலிஃபோர்னியாவுக்குப் போய் உளவியல் படித்தார். 1987இல் ஒரு நாள் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தன்னைத் தொந்தரவு செய்த எண்ணம் திடீரென வலுவிழந்ததைக் கவனித்தார். அந்த நேரத்தில் தன் கண்கள் வேகமாக இங்கும் அங்கும் அசைந்ததையும் கவனித்தார். அவர் சொன்ன கதை இது. நம் கண்கள் அப்படி அசைவதை நாமே உணர்வது சாத்தியமா என்று ஜெரால்ட் ரோசன் என்ற உளவியலாளர் 1995இல் கேள்வி எழுப்பினார். ஆப்பிள் விழுந்த கதை போல இதுவும் ஒரு தொடக்கக் கதையாக நிலைத்துவிட்டது.

ஷபீரோ 1989இல் முதல் ஆய்வை வெளியிட்டார். 22 பேர். போரிலோ பாலியல் வன்முறையிலோ காயப்பட்டவர்கள். நினைவை மனசில் பிடித்துக்கொண்டே விரலைக் கண்ணால் தொடர வேண்டும். 'இப்போ எவ்வளவு தொந்தரவு?' என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். ஒரே அமர்வில் எண் சரசரவென்று இறங்கியது என்று எழுதினார். சிகிச்சை தந்தவரும் அவரே, அளந்தவரும் அவரே என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். பிறகு அந்த முறை எட்டுக் கட்டங்களாக விரிந்து இ.எம்.டி.ஆர். என்ற பெயர் பெற்றது. ஆரம்ப ஆண்டுகளில், கற்றதைப் பிறருக்குச் சொல்லித்தர மாட்டேன் என்று பயிற்சி பெறுபவர்கள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இது ஆராய்ச்சியாளர்களை எரிச்சலூட்டியது. ஹார்வர்டின் ரிச்சர்ட் மெக்னல்லி 1999இல் இதை நேராக மெஸ்மரோடு ஒப்பிட்டே ஒரு கட்டுரை எழுதினார். இந்த முறையில் பலன் தரும் பகுதி பழையது, புதிதாக இருக்கும் பகுதியோ பலன் தருவதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம்.

மெக்னல்லி சொல்லும் அந்தப் பழைய பகுதி என்ன? பாதுகாப்பான இடத்தில், துணையோடு, பயந்த நினைவை மறுபடி மறுபடி பார்ப்பது. ரிவர்ஸ் சொன்னதுதான். இதையே எட்னா ஃபோவா போன்றவர்கள் 1980களிலிருந்து முறைப்படுத்தி, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் சோதித்துக் காட்டியிருந்தார்கள்.

சரி, அப்படின்னா விரலை ஆட்டுவது வெறும் வேஷமா? இதைச் சோதிக்க வழி இருக்கிறது. ஒரு குழுவுக்கு விரலோடு சிகிச்சை, இன்னொரு குழுவுக்கு எல்லாம் அதே, கண் மட்டும் அசையாது. 2001இல் டேவிட்சனும் பார்க்கரும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். இ.எம்.டி.ஆர். பலன் தருகிறது, கண் அசைவால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை என்று முடிவு வந்தது. 2013இல் லீயும் கைப்பர்ஸும் புதிய ஆய்வுகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, கண் அசைவுக்கும் ஓரளவு பங்கு உண்டு என்று முடிவு மாறியது. வழக்கு இன்னும் நடக்கிறது.

இதற்கிடையில் எனக்கு மிகப் பிடித்த விளக்கம் பிரிட்டனிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் வந்தது. நம் மனசு ஒரே நேரத்தில் ஏந்தி வைத்துக்கொள்ளக்கூடியது கொஞ்சம்தான். ஒரு கையில் கொதிக்கும் குழம்புச் சட்டி, மறுகையில் அழும் குழந்தை என்றால் இரண்டையும் முழுக் கவனத்தோடு பிடிக்க முடியாது, இல்லையா? பயங்கரமான நினைவை மனசில் வைத்துக்கொண்டே கண்ணால் விரலைத் தொடர்ந்தால், நினைவுக்குக் கிடைக்கும் இடம் குறைகிறது. படம் மங்குகிறது. மங்கிய நிலையிலேயே அது திரும்பப் பதிவாகிறது. 1997இல் ஆண்ட்ரேட், கவனா, பேட்லி ஆகியோரும், பின்னர் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மார்செல் வான் டென் ஹவுட்டும் இதைச் சோதித்தார்கள். ஒரு விஷயம் தெளிவானது: கண்தான் அசைய வேண்டும் என்றில்லை. எண்களைத் தலைகீழாகக் கழித்துக்கொண்டே போனாலும் நினைவு மங்கியது. மனசுக்குக் கொஞ்சம் சிரமமான வேலை வேண்டும், அவ்வளவுதான். சும்மா காதில் 'பீப்' ஒலி கேட்பது அந்த அளவுக்கு உதவவில்லை. பிற்காலத்தில் ஷபீரோவே, 'கண் அசைவு' என்ற சொல்லைப் பெயரில் சேர்த்திருக்க வேண்டியதில்லை என்ற கருத்துக்கு வந்தார்.

தட்டலின் கதை இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அதே கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. ரோஜர் கலஹன் என்ற உளவியலாளரிடம் தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் ஒரு பெண் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். எதுவும் சரிவரவில்லை. தண்ணீரை நினைத்தாலே வயிற்றில் என்னவோ செய்கிறது என்று அவர் சொன்னபோது, சீன மருத்துவத்தில் வயிற்றுக்குரிய நாடி கண்ணுக்குக் கீழே தொடங்குவது கலஹனுக்கு ஞாபகம் வந்தது. அங்கே தட்டச் சொன்னார். பயம் போய்விட்டது என்று அந்தப் பெண் நீச்சல்குளத்தை நோக்கி ஓடினார் என்பது கலஹன் சொல்லும் கதை. 1985இல் ஐந்தே நிமிடத்தில் பயத்தைப் போக்கலாம் என்று புத்தகம் வந்தது. அவர் முறைக்கு டி.எஃப்.டி. என்று பெயர். ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒவ்வொரு தட்டல் வரிசை. நோயாளியின் குரலைத் தொலைபேசியில் கேட்டே வரிசையைக் கண்டுபிடிக்கும் ஒரு ரகசிய நுட்பமும் இருந்தது. அதைக் கற்றுக்கொள்ளக் கட்டணம் 1,00,000 அமெரிக்க டாலர். கற்றவர் ரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது.

கலஹனிடம் படித்தவர்களில் ஒருவர் கேரி கிரெய்க். ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்தவர், உளவியலாளர் அல்ல. அவர் 1990களில் ஒரு காரியம் செய்தார். எந்தப் பிரச்சினையாக இருந்தாலும் எல்லாப் புள்ளிகளையும் வரிசையாகத் தட்டிவிடலாம், ரகசியக் கண்டுபிடிப்பெல்லாம் வேண்டாம் என்றார். அதற்கு இ.எஃப்.டி. என்று பெயர் வைத்து, கையேட்டை இலவசமாகக் கொடுத்தார். இன்று நம் கைப்பேசியில் வருவது அதுதான். ஒன்றை யோசித்துப் பாருங்கள். குருவுக்கு வரிசைதான் எல்லாம். சீடர் வரிசையையே தூக்கிப்போட்டார். இரண்டு பேரிடமும் போனவர்கள் குணமானது என்றார்கள். அப்போது வரிசை எதற்கு இருந்தது?

2003இல் வெய்ட்டும் ஹோல்டரும் பாரிஸ் குழு செய்தது போன்ற ஒரு சோதனையைச் செய்தார்கள். பயம் உள்ள பல்கலைக்கழக மாணவர்களை நான்காகப் பிரித்தார்கள். முதல் குழு சரியான புள்ளிகளைத் தட்டியது. இரண்டாவது குழு சம்பந்தமே இல்லாத இடங்களைத் தட்டியது. மூன்றாவது குழு தன்னைத் தட்டவே இல்லை, ஒரு பொம்மையைத் தட்டியது. நான்காவது எதையும் தட்டவில்லை. முதல் மூன்று குழுக்களுக்கும் பயம் குறைந்தது, கிட்டத்தட்ட ஒரே அளவில். பொம்மைக்கு நாடி கிடையாது. பாரிஸ் சிறுவனின் மரம்தான் இந்தப் பொம்மை.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், இ.எஃப்.டி.க்கு ஆதரவான சோதனைகளும் உண்டு. 2013இல் 59 முன்னாள் படைவீரர்களிடம் செய்த ஆய்வில் ஆறு அமர்வுகளில் அறிகுறிகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் ஒப்பீட்டுக்கு இருந்தவர்கள் சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்கள். அவர்களுக்கு வேறு தட்டலோ பொம்மையோ தரப்படவில்லை. ஆகவே அந்த ஆய்வு முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறது, இரண்டாவதைத் தொடவில்லை.

ஷபீரோவின் முறை உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டியில் இடம்பிடித்தது. கலஹனின் முறையோ 1999இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தொடர்கல்வி அங்கீகாரத்தை இழந்தது. இரண்டுமே கலிஃபோர்னியாவில் பிறந்தவை, இரண்டுக்கும் ஓர் அற்புதத் தொடக்கக் கதை, இரண்டுக்கும் நன்றி சொல்லும் நோயாளிகள். வித்தியாசம் எங்கே? ஷபீரோவின் ஆட்கள் தம் முறையை எதிராளிகளின் கையில் கொடுத்துச் சோதிக்க விட்டார்கள். விரலை எடுத்துவிட்டுப் பார்க்கவும் அனுமதித்தார்கள். தோற்ற இடத்தில் விளக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். கலஹன் பூட்டி வைத்துக் கட்டணம் வாங்கினார். அறிவியல் என்ற சொல்லுக்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கண் அசைவும் தட்டலும் ஒன்றாகச் சேர்ந்த ஓர் இடமும் உண்டு. 1997இல் மெக்சிகோவின் அகாபுல்கோவைப் பாலின் சூறாவளி தாக்கியது. பிழைத்தவர்கள் ஏராளம், சிகிச்சையாளர்கள் சில பேர். ஒவ்வொருவர் முன்பும் உட்கார்ந்து விரலை ஆட்ட ஆள் இல்லை. லூசினா ஆர்டிகாஸ் என்ற சிகிச்சையாளர், கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்து, வண்ணத்துப்பூச்சி சிறகடிப்பது போல மாறி மாறித் தோளருகே தட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். 'வண்ணத்துப்பூச்சி அணைப்பு' என்று பெயர். அங்கே நாடி பற்றிய பேச்சில்லை. ஆள் பற்றாக்குறைதான் காரணம்.

இதே நெருக்கடி 2004 சுனாமியில் இலங்கைத் தமிழ்க் குழந்தைகளுக்கு வந்தது. ஏற்கெனவே போர், அதன்மேல் கடல். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலம் முழுவதும் இந்தக் காயங்களைப் பற்றி எழுதிவந்தவர். 'மனவடு' என்ற சொல்லையே தலைப்பாக வைத்துத் தமிழில் நூல் எழுதியவர். தனிமனிதருக்கு மட்டுமல்ல, ஒரு சமூகத்துக்கே காயம் படும் என்பது அவர் வற்புறுத்தியது. சுனாமி வந்த சில வாரங்களில் வடகிழக்கில் ஒரு முகாமில் 31 குழந்தைகளிடம் ஒரு சோதனை நடந்தது. 2009இல் வெளியான அதன் முடிவு இது. ஒரு பாதிக்கு, தம் வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லவைக்கும் சிகிச்சை. இன்னொரு பாதிக்குத் தியானமும் உடல் தளர்த்தலும். கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆறு அமர்வுகள். ஆறு மாதம் கழித்துக் கதை சொன்னவர்களில் 81 சதவீதமும் தியானம் செய்தவர்களில் 71 சதவீதமும் மீண்டிருந்தார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சிகிச்சையே பெறாத குழு அங்கே இல்லை என்பதால், காலமே பாதி வேலையைச் செய்திருக்கலாம். ஆனாலும் இந்த முழு வரலாற்றிலும் திரும்பத் திரும்ப வரும் ஒன்றை அந்த முகாமிலும் பார்க்கிறேன். தன் மொழி பேசும் ஒருவர், அவசரப்படாமல், குறித்த நேரத்துக்கு வந்து எதிரே உட்காருகிறார். நினைவு எழுந்து வந்தாலும் உடைந்துபோக மாட்டாய் என்று உடம்புக்குக் காட்டுகிறார். கையும் கண்ணும் மூச்சும் அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன வேலையைத் தருகின்றன. விரல் அந்தச் சின்ன வேலைகளில் ஒன்று.

"எனக்குச் சரியாச்சு" என்று சொல்பவரிடம் நான் வாதாட மாட்டேன். அது அவர் அனுபவம், அதை மறுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த அனுபவத்தைக் காட்டி, உங்கள் உடம்பில் ஆற்றல் அடைத்துக்கிடக்கிறது, நான் மட்டுமே திறந்துவிட முடியும், இத்தனை ஆயிரம் வெள்ளி கட்டுங்கள் என்று ஒருவர் சொன்னால், அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. பெரிய காயத்தைக் கிளறிவிட்டு மூடத் தெரியாதவரிடம் போனால் நினைவு இன்னும் ஆழமாகக் குத்தும். அதனால் அவர் எங்கே பயிற்சி பெற்றார், அமர்வின் நடுவில் நமக்குத் தாங்கமுடியாமல் போனால் என்ன செய்வார், இந்த முறையை அதை நம்பாதவர்கள் யாராவது சோதித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நல்ல சிகிச்சையாளர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.